கடல் ஒதுக்கிய கோட்டுக்கு என்ன பெயர்?

காரைக்குடி, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொண்டிக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். கூடவே ஒரு விளக்கப் பலகையும் போகிறது. வியாழன் மாலைக்குள் கொடுத்தால்தான் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அடித்துத் தருவாராம். கழிமுகம், உப்பங்கழி, மணல்மேடு எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்றில் மாட்டிக்கொண்டேன். கடல் ஏறி வந்து இறங்கிய பிறகு, எதுவரை வந்ததோ அந்த இடத்தில் கோடு போட்டாற்போல் பாசியும் கடற்புல்லும் சிப்பியும் கிடக்குமே, அது. ஆங்கிலத்தில் ராக் லைன் என்கிறார்கள். பாறையைச் சொல்லும் ராக் அல்ல, வேறு எழுத்து. என்னிடம் உள்ள ஒரு கையேட்டில் 'சிதைவுக் கோடு' என்று போட்டிருக்கிறது. படித்தால் கப்பல் உடைந்த இடம் மாதிரித் தோன்றுகிறது. உதவுங்கள்.

கானாடுகாத்தான், திங்கள் இரவு

எச்சக்கோடு. வேலை முடிந்தது, டீச்சர் தூங்கலாம்.

தேவகோட்டை, செவ்வாய் காலை

தம்பி, எட்டாம் வகுப்பில் எச்சம் என்றதும் ஒரு பாதி காக்கையை நினைத்துச் சிரிக்கும், மறு பாதி பெயரெச்சமா வினையெச்சமா என்று கேட்கும். வேண்டாம்.

நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: எக்கர். நெய்தல் பாட்டுகளில் எங்கு திரும்பினாலும் எக்கர்தான். கடல் எக்கியதால் எக்கர். வயிற்றை எக்குகிறோம், உயரத்தில் இருக்கும் மாங்காயை எக்கிப் பறிக்கிறோம், இல்லையா? உள்ளிருந்து உந்தி எழும் வினை எல்லாம் எக்குதான். திருவிழாவில் நீர் பீய்ச்சும் கருவிக்கு எக்கி என்று பெயர் உண்டு. எக்களிப்பும் எக்காளமும் இதே வேர் என்பது என் துணிபு. எக்காளத்தை ஊதுபவன் வயிற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே கடல் தன் வயிற்றை எக்கி வெளியே தள்ளியது எக்கர். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் (பிறந்தது பள்ளத்தூர்), செவ்வாய் மாலை

ஐயா, எக்காளம் வரைக்கும் போனீர்கள், புறநானூறு 55 வரைக்கும் போகவில்லையே. செந்தில் கடற்கரையைச் சொல்லும் இடத்தில் 'கடுவளி தொகுப்ப ஈண்டிய வடுஆழ் எக்கர் மணல்' என்கிறார் மருதன் இளநாகனார். குவித்தது காற்று, குவிந்தது மணல். அது மணல்மேடு. டீச்சர் கேட்பது அலை கொண்டுவந்து போட்ட செத்தையை.

தேவகோட்டை, செவ்வாய் இரவு

எக்கர் என்றாலே காற்று குவித்தது என்றால், புலவர் ஏன் மெனக்கெட்டுக் 'கடுவளி தொகுப்ப' என்று தனியாகச் சொல்ல வேண்டும்? வேறு விதமான எக்கரும் இருந்ததால்தானே? யோசியுங்கள்.

காரைக்குடி, செவ்வாய் இரவு

ஐயா சொல்வது எனக்கு ரசிக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு எக்கர் என்றால் ஏக்கர்தான் நினைவுக்கு வரும். எத்தனை சென்ட் என்று கேட்பார்கள். கடல் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோமே, 'ஓதவரி' சரிப்படுமா?

கானாடுகாத்தான், செவ்வாய் இரவு

டீச்சர், நம் ஊரில் ஓதம் சுவரில் ஏறுவது. எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொத்தனார் சொன்னது அதுதான்: "ஓதம் அடிக்குதுண்ணே, சிமெண்டு பூசுனா நிக்காது." சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் அது. யோசித்துப் பார்த்தால் நம் வீட்டுச் சுவரே கடல் ஒதுக்கிய சிப்பிதான்.

சிங்கப்பூர், புதன் காலை

ஓதத்துக்கு விரைவீக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதியிலேயே இருக்கிறது. "அவருக்கு ஓதம் இறங்கிருச்சு" என்று எங்கள் அப்பத்தா குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வகுப்பில் ஒரு பையனுக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. கரை, காரை இரண்டும் ஒரே வேர் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். காரைக்குடி என்பதே கரைக்குடியாக, பூம்புகாரிலிருந்து கடல் கொண்டு வந்து ஒதுக்கிய குடியாக இருக்குமோ?

தேவகோட்டை, புதன் காலை

இருக்காது. காரை ஒரு முட்செடி. தோட்டத்துப் பக்கம் போனால் காலில் குத்தும், சந்தேகம் தீரும்.

தொண்டி, புதன் மதியம்

இரண்டு நாளாக எங்கள் ஊர்க் கடலைப் பற்றிப் பேசுகிறீர்கள், கடலைப் பார்த்தவர் யாரும் பேசவில்லை. ஆகவே நான்.

அதற்கென்று தனிப்பெயர் எங்கள் பக்கம் நான் கேட்டதில்லை. 'கடல் தள்ளுன தாழை' என்போம். தாழை என்றால் தாழம்பூ அல்ல, கடலுக்கு அடியில் நாடா மாதிரி வளரும் புல். கடற்பசு மேய்வது அதைத்தான். பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக 2022இல் அறிவித்தார்களே, அதெல்லாம் இந்தப் புல்லை நம்பித்தான். இங்கே கடல் குளம் மாதிரி. ராமேசுவரத்தில் இந்தப் பக்கத்தைப் பெண்கடல், மன்னார் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். அதனால் பெரிய அலையை எதிர்பார்த்து வராதீர்கள். கரையில் கண்ணில் படுவதே டீச்சர் கேட்கும் இந்தக் கோடுதான். மேலே காய்ந்து கறுத்து மொறமொற என்று இருக்கும். காலால் புரட்டினால் உள்ளே ஈரம். கடுகளவு பூச்சிகள் நாலா பக்கமும் தெறித்து ஓடும். அதைக் கொத்தத்தான் உள்ளான் குருவி வருகிறது. நடுவில் வெள்ளையாகக் கணவாய் ஓடு கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் அதற்குப் பெயர் கடல்நுரை.

ஒரு விடுதிக்காரர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தினமும் ஆள் வைத்து வாரி எரித்தார். அடுத்த வாடைக்காலத்தில் அவர் வாசலில் மணல் ஒரு முழம் இறங்கிவிட்டது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தாழை கிடந்தால் காற்றில் வரும் மணல் அதில் தங்கும், அது கண்கூடு. எனவே செத்தை, எச்சம், சிதைவு எதுவும் வேண்டாம். அப்படி ஒரு பெயரைப் பலகையில் படித்த பிள்ளை விளக்குமாற்றைத்தான் தேடும்.

பின்குறிப்பு: ஐங்குறுநூற்றில் தொண்டிப்பத்து என்று ஒரு பத்துப் பாட்டு எங்கள் ஊருக்கே இருக்கிறது. பலகையில் ஓரமாகப் போட்டால் மகிழ்ச்சி.

தேவகோட்டை, புதன் இரவு

பாய், அந்தத் தொண்டி சேரன் தொண்டி, மேலைக்கடல். வருத்தம் வேண்டாம், உங்கள் ஊருக்கு வேறு இடம் இருக்கிறது. சிலம்பில் ஊர்காண் காதையில் தொண்டியோர் இட்ட அகிலும் துகிலும் சுமந்து கொண்டல் மதுரைக்குள் நுழைகிறது. கொண்டல் கீழைக்காற்று. அப்படியானால் அந்தத் தொண்டி கிழக்கே இருக்க வேண்டும். அது நீங்கள்தான்.

குப்பை பற்றியும் ஒரு வார்த்தை. குப்பை என்றால் குவியல், அவ்வளவுதான். உமணர் உப்பை 'குன்றுபோற் குப்பை' என்று நற்றிணை 138 சொல்கிறது. கடற்குப்பை என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். நாம்தான் அந்தச் சொல்லைத் தெருவில் கொட்டிவிட்டோம்.

காரைக்குடி, வியாழன் காலை

ஐயா, தூய்மைப் பணி வாரம் கொண்டாடும் பள்ளிக்கூடத்தில் 'கடற்குப்பையைக் காப்போம்' என்று எழுதினால் தலைமையாசிரியை என்னைத்தான் கேட்பார். மாலை ஐந்து மணிக்குக் கடைக்காரர் வருகிறார். பாய் சொன்ன 'தள்ளுன'வும் எல்லாரும் சொல்லும் 'கரை ஒதுங்கியது'ம் கலந்து 'ஒதுங்குகோடு' என்று எழுதட்டுமா?

கானாடுகாத்தான், வியாழன் காலை

ஒதுங்குவதற்கு நம் ஊரில் வேறு அர்த்தமும் இருக்கிறது. அதுவும் கடற்கரையில்.

தேவகோட்டை, வியாழன் மதியம்

ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. ஒதுங்குவது புல், ஒதுக்குவது கடல். கோடா ஒதுங்குகிறது? ஆகவே ஒதுக்கு. அடுத்தது புணர்ச்சி. ஒதுக்கு என்பதைப் பெயராகக் கொண்டால் வன்றொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும்: ஒதுக்குக்கோடு. வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது: ஒதுக்குகோடு.

சிங்கப்பூர், வியாழன் மதியம்

ஒதுக்குக்கோடு. நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், விக்கல் வந்துவிட்டது. வரி என்று வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை: ஒதுக்குவரி. கானல்வரி காதிலும் ஒலிக்கும்.

கானாடுகாத்தான், வியாழன் மதியம்

வரி என்றால் எங்கள் வீட்டில் ஆடிட்டருக்குத்தான் போன் போடுவார்கள். ஒதுக்குவரி என்பது ஜிஎஸ்டியில் புதுப் பிரிவு மாதிரி இருக்கிறது.

காரைக்குடி, வியாழன் மாலை

வரிக்குதிரைக்கு யாரும் வரி கட்டவில்லையே, அண்ணே. நானும் சிங்கப்பூர்க்காரரும், பாயும் (தொலைபேசியில் "சரிம்மா, எதையாச்சும் போடுங்க" என்றார்) ஒதுக்குவரி பக்கம். கொடுத்துவிட்டேன்.

தேவகோட்டை, வியாழன் இரவு

என் வாக்கு எக்கருக்கே. பதிவு செய்துகொள்ளவும்.

காரைக்குடி, சனி இரவு

போய் வந்தோம். கடைக்காரர் 'ஒதுக்கு வரி' என்று நடுவில் இடம்விட்டு அடித்திருந்தார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: திங்கள்கிழமை அமாவாசை. அன்றைக்கு ஏறிய கடல் போட்டது மேலே காய்ந்து கிடந்தது. பத்தடி கீழே இன்று காலை போட்டது பச்சையாகக் கிடந்தது. இரண்டு கோடு. ஒரு பெண் பலகையைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், "எது மிஸ்?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்று சொல்லிவைத்தேன்.

தேவகோட்டை, சனி இரவு

கீழே கிடப்பது உங்கள் ஒதுக்குவரி. மேலே கிடப்பதில் காற்று கொண்டுவந்த மணலும் சேர்ந்திருக்குமே? பாயே சொல்லியிருக்கிறார். அது எக்கர். பலகையில் இடம் இருக்கிறதா?