புதுப்பிப்பு: ரோமில் குறைந்த செலவில் 4 இரவு, கடைசியில் எங்கே தங்கினோம்

ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினி பக்கம் தங்குவதா, வேறு இடமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. திராஸ்தேவெரே ரயில் நிலையம் பக்கம் பாருங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து எஃப்எல்1 என்ற புறநகர் ரயில் நேராக அங்கே வருகிறது, 8 யூரோதான். டெர்மினிக்குப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸுக்கு 14.

எதிர்பாராதது நகர வரி. முன்பதிவிலேயே முழுப் பணமும் கட்டியாயிற்று என்று நிம்மதியாகப் போனால், மூன்று நட்சத்திர விடுதிக்கு ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ என்று, இருவருக்கும் சேர்த்து 48 யூரோ தனியாக வாங்கினார்கள். அப்புறம் அந்த லிஃப்ட்! ஓர் ஆள், ஒரு பெட்டி, அவ்வளவுதான். மற்றப் பெட்டிக்கு இரண்டாவது நடை.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு போடாதீர்கள். தெருவோரம் இருக்கும் நாசோனி என்ற குடிநீர்க் குழாய்களில் நாள் முழுக்கக் குளிர்ந்த நீர் கொட்டுகிறது.