பேக்கர்ஸ் மேட்ச் டெயில்கேட்: ஒரே கிரில், சீலியாக் உள்ள மகள், என்ன செய்யலாம்?

வணக்கம். என் மகளுக்கு 9 வயது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது; அவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் பிரச்சினை. அடுத்த மாதம் விஸ்கான்சின் கிரீன் பேயில், பேக்கர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் லாம்போ ஃபீல்ட் மைதானப் பார்க்கிங்கில் 16 பேருக்கு நாங்கள்தான் டெயில்கேட் (மேட்சுக்கு முன் கார் பக்கத்திலேயே சுட்டுச் சாப்பிடும் விருந்து) நடத்துகிறோம்.

செப்டம்பரில் ஒருமுறை நடத்தி மாட்டிக்கொண்டோம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி, மூன்று நாள் வயிற்றுவலி. அவள் சாப்பிட்டது வெறும் கோழியும் சோளமும்தான். ஆனால் அதே கிரில்லில் பீரில் வேகவைத்த பிராட்வர்ஸ்ட் சாசேஜ் கிடந்தது, பன்னும் வாட்டினார்கள். விஸ்கான்சினில் பீர் இல்லாமல் பிராட் ஏது! பீர் என்றால் பார்லி.

கிரில்: வெபர் கியூ 1200, கேஸ், ஐந்து வருடப் பழசு. வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு, ஓரங்களில் எனாமல் உரிந்திருக்கிறது.

அதன்பிறகு செய்தவை: கம்பி பிரஷால் தேய்த்தேன், அவளுக்குத் தனி இடுக்கி, தனி கெட்ச்அப் வாங்கினேன், சோயா சாஸுக்குப் பதில் கோதுமையில்லாத தமாரி. ஃபாயில் விரித்தும் பார்த்தேன், திருப்பும்போது கிழிந்துவிட்டது. நான் கிளறிய புளியோதரையிலேயே வில்லன் இருந்தது தனிக்கதை: பெருங்காய டப்பாவில் பொடியெழுத்தில் "கோதுமை மாவு". நல்லவேளை, அவள் தொடவில்லை.

சூட்டில் சாக குளூட்டன் கிருமியும் இல்லை. காரில் இரண்டாவது கிரில்லுக்கு இடமும் இல்லை.

சீலியாக் குழந்தை உள்ளவர்கள் சொல்லுங்கள்: கம்பித்தட்டை மட்டும் புதிதாக மாற்றி, குளூட்டன் இல்லாததை மட்டுமே சுட்டால் இந்தக் கிரில்லை நம்பலாமா?