ஒன்பதாவது படிக்கிற பையனும் போனும்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பையன் ஒன்பதாவது, திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளி. வீட்டுப்பாடம் முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. கரும்பலகையைப் படம் எடுத்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் போடுகிறார்கள். அதைப் பார்த்து எழுத என் போனை வாங்கிக்கொண்டு உட்காருவான். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் நோட்டில் இரண்டு வரி, திரையில் ஷார்ட்ஸ். கட்டைவிரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். போனை வாங்கினால் அப்படி ஒரு கோபம், சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுகிறான். சாயங்காலமானால் கபடிக்கு ஓடிய பிள்ளை இவன்.

போனே கூடாது என்று சொல்ல மாட்டேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தால் அறிவியல் நன்றாகப் புரிகிறது என்கிறான்.

போன் செட்டிங்ஸில் இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் யூடியூபுக்கு இவ்வளவு நேரம்தான் என்று குறித்து வைத்தால், அதை அவனே எடுத்துவிடுகிறான். பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான ஃபேமிலி லிங்க் ஆப் பிள்ளையின் கணக்குக்குத்தான். இது என் போன், என் கணக்கு. வாட்ஸ்அப்பை மட்டும் திறந்து கொடுத்து மற்றதைப் பூட்ட என்ன வழி? ஒரே ஆப்பை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் ஆப் பின்னிங் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

பள்ளியில் பேசி, வீட்டுப்பாடத்தை டைரியிலேயே எழுத வைத்த பெற்றோர் இருந்தால் எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். தனியாகப் போவதா, நாலு பேர் சேர்ந்து போவதா?

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசியவர்கள் உண்டா? இந்த வயதுப் பையனிடம் அவர்களே பொறுமையாகப் பேசுவார்களா?

இரண்டு அடி போடுங்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அடுத்த வருடம் பத்தாவது பொதுத்தேர்வு. அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.