ரியாக்டிவ் சிவப்புச் சாயம் மட்டும் கழிவுத் தண்ணீரை விட்டுப் போகுதில்லை, வழி சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். மருதமுனையில் கைத்தறிக்குப் பருத்தி நூல் சாயம் போடும் சிறிய பட்டறை. நாளுக்கு 400 லீட்டர் கழிவு, பிஎச் 10.5. நீலமும் கறுப்பும் ஓரளவு படிகின்றன. நூலில் பிடிக்காமல் தண்ணீரோடேயே வினைபட்டுப்போன (நீராற்பகுப்படைந்த) சிவப்புத்தான் அடம்.

படிகாரத்தை நேரே போட்டால் திரளாது. அந்தக் காரத்தில் அலுமினியம் கரைந்தே நிற்கும். அமிலம் விட்டு 6.5க்கு இறக்கிய பிறகுதான் திரண்டது. அதைவிட நல்லது பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு: லீட்டருக்கு 1 கிராம், கூடவே பிஎச் 9.5இல் நிற்குமளவு சுண்ணாம்புப் பால். ஒரு நிமிடம் வேகமாக, 15 நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணித்தியாலம் அசையாமல் விட்டால் மேல்தண்ணீர் வெளிர் ரோசா. 2 கிராமாக்கினால் ரோசா அப்படியே இருக்க, இரும்பின் மஞ்சளும் சேர்கிறது.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம் காக்காமாரே. நிறம் மறையும், ஆனால் குளோரின் ஏறிய சேதனப் பொருட்கள் மிஞ்சும். இது மணல் நிலம், கிணறுகளும் பக்கத்திலேயே.

மிச்ச ரோசாவைக் கரியில் வடிக்கலாமென்றால், சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை, பெரிய சாய மூலக்கூறு உள்ளே போவது கஷ்டம். மரக்கரியோ உமிக்கரியோ நிரப்பிப் பார்த்தவர்கள் உண்டா? ஒரு கிலோ எத்தனை லீட்டருக்குத் தாங்கியது?

சாயத்தைப் பிடித்துத் திரட்டும் நேரயன் ஏற்றப் (cationic) பொலிமர் 5 கிலோ அளவில் சில்லறையாக எங்கே கிடைக்கும்?

முதற் சாயத் தொட்டியில் லீட்டருக்கு 50 கிராம் உப்பு. எந்தத் திரட்டியும் அதை எடுக்காது. அந்தத் தண்ணீரை மட்டும் பிரித்து, நிறம் நீக்கி, அடுத்த கறுப்புச் சாயத்துக்கே பாவித்தவர்கள் இருந்தால் அளவுகளோடு எழுதுங்கள்.