17 அங்குல உயர வாசலுக்கு 7 அடி வீல்செயார் ராம்ப் (சாய்தளம்): தள்ள முடியவில்லை, மழையில் சறுக்குது. உடைக்கவா, நீட்டவா?

வெள்ளவத்தை24:
அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் பலமில்லை. வெளியே போவது வீல்செயாரில்தான். வாசலில் மூன்று படி. சுவரடியில் அளந்தால் நிலத்திலிருந்து வாசல்படி வரை 17 அங்குலம். மேசன் படிகளுக்கு மேலாலேயே 7 அடி நீளம், 3 அடி அகலத்தில் ராம்ப் போட்டு, விறாந்தையில் மிஞ்சிய டைல்ஸையும் ஒட்டிவிட்டார். ஒரு ஆளால் தள்ளவே முடியாது. ராம்பின் அடியில் வீல்செயாரின் கால்மிதி (கால் வைக்கும் தட்டு) நிலத்தில் இடிக்குது. மழை என்றால் செருப்போடேயே சறுக்குது, சாரல் தண்ணி வாசலுக்குள்ளும் வருது. முற்றம் 24 அடி அகலம், சுவரிலிருந்து கேற் 13 அடி. வாசல் இடது மூலையில். இதையே கேற் வரை நீட்டினால் சரிவருமா?

சிவில்காரன்:
7 அடி என்றால் 84 அங்குலம். 17 அங்குல ஏற்றத்துக்கு அது கிட்டத்தட்ட 1:5. வேண்டியது 1:12, அதாவது ஒரு அங்குல ஏற்றத்துக்கு ஒரு அடி நீளம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 88 கிலோ என்று வையுங்கள். 1:5 சரிவில் தள்ளுபவர் 17 கிலோ அளவு பாரத்தை விடாமல் தாங்க வேண்டும், 1:12 இல் 7 கிலோதான். கால்மிதி இடிப்பதும் இந்தச் சரிவால்தான். முன்சக்கரம் ஏற முன்பே கால்மிதி சரிவில் முட்டிவிடும்.

நீட்டுவது பற்றிச் சொல்ல ஒரு அளவு தேவை. முற்றம் கேற் பக்கம் எவ்வளவு இறங்குது? கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணி நிரப்பி, ஒரு முனையைச் சுவரடியிலும் மற்றதைக் கேற்றடியிலும் பிடித்து அளவுங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்.

வெள்ளவத்தை24:
3 அங்குலம் இறங்குது அண்ணா.

சிவில்காரன்:
அப்போ நேராக நீட்டுவதை மறந்துவிடுங்கள். அடிக்குக் கால் அங்குலம் நிலமே கீழே போகுது. ராம்ப் ஒரு அடிக்கு ஒரு அங்குலம் இறங்கினாலும் நிலத்தை நெருங்குவது முக்கால் அங்குலம்தான். 17 அடி போதும் என்று நினைப்பீர்கள், கணக்குப் போட்டால் 22 அடி 8 அங்குலம் வரும். உங்களிடம் இருப்பது 13. பெரும்பாலான வீடுகளில் பிழைப்பது இந்த இடத்தில்தான்: படியின் உயரத்தை அளப்பார்கள், ராம்ப் போய் முடியும் இடத்தை அளக்கமாட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே, சுவரோடு ஓடும் ராம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

உங்கள் முற்றத்துக்கு நான் போடும் திட்டம்: வாசலுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம். இப்போது அது இல்லாததால்தான் கதவைத் திறக்கும்போது நாற்காலி சரிவில் நிற்குது. அதிலிருந்து முன்சுவரோடு 12 அடி ஓட்டம் (சாய்வான பகுதி), 12 அங்குலம் இறங்கும். பிறகு திரும்புவதற்கு 5 அடிக்கு 8 அடி சமதளம். இரண்டாம் ஓட்டம் முதலாவதுக்குப் பக்கத்திலேயே திரும்பி வாசல் பக்கம் வரும். அந்த இடத்தில் நிலம் ஒன்றரை அங்குலம் தாழ்வு, ஆகவே மிச்சம் 5 இல்லை, 6½ அங்குலம். நீளம் 6½ அடி. அகல வாட்டில் 22 அடி பிடிக்கும், கேற் பக்கம் 5 அடி மிஞ்சும். ஒவ்வொரு ஓட்டமும் வெளியளவு 4 அடி. இரு பக்கமும் 4 அங்குல விளிம்புக்கட்டு போனால் உள்ளே 3 அடி 4 அங்குலம். விளிம்புக்கட்டை மிச்சம் பிடிக்காதீர்கள், சக்கரம் விளிம்பால் விழாமல் காப்பது அதுதான்.

மொத்தம் 139 சதுர அடி. 4 அங்குலத் தடிப்பு, 1:2:4 கலவை (சீமெந்து, மணல், கல்) என்றால் சீமெந்து 9 பை, மணல் கால் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), முக்கால் அங்குல மெட்டல் (உடைகல்) அரைக் கியூப். ராம்பின் பக்கச் சுவருக்கும் விளிம்புக்கும் சீமெந்து வேறாக எடுக்க வேண்டும். சுவர் 6 அங்குல புளொக். உள்ளே கிரவல் நிரப்பி, 6 அங்குலத்துக்கு ஒரு தடவை நனைத்து இடிக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டி மேலே கொங்கிறீற் போட்டால் ஒரு மழைக்காலத்தில் நிரப்பு கீழே இறங்கிவிடும், தளம் வெடிக்கும். தளத்துக்குப் போடும் கம்பி வலையை, அடியில் விரிக்கும் பொலித்தீன் மேல் படுக்க விடாமல் கட்டை வைத்துத் தூக்குங்கள்.

முடியும் இடத்தில் கொங்கிறீற்றைக் கத்தி முனைபோல மெலிய விடக் கூடாது, அந்த விளிம்புதான் முதலில் உடையும். நிலத்தை 4 அங்குலம் தோண்டி, முழுத் தடிப்போடு புதைத்து முடிக்கச் சொல்லுங்கள்.

மேற்பரப்பில் டைல்ஸும் வேண்டாம், சிவப்பு சீமெந்துப் பொலிஷும் வேண்டாம். கொங்கிறீற் இறுகத் தொடங்கும்போது தும்புத்தடியால் சரிவுக்குக் குறுக்கே இழுத்தால் போதும். பிறகு 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_மேசன்:
சுவரோடு ஒட்டிக் கட்டினால் வீட்டுக்குள் ஈரம் ஏறும். 2 அங்குலம் இடைவெளி விடுங்கள்.

சிவில்காரன்:
ஈரம் ஏறும் என்பது சரி. ஆனால் அந்த இடைவெளியில் இலை விழுந்து, தண்ணி தேங்கி, டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாக முடியும். சுவரில் பிற்றுமின் (தார் போன்ற ஈரத்தடுப்பு) இரண்டு பூச்சு, அதன்மேல் தடித்த பொலித்தீன், பிறகு ஒட்டிக் கட்டலாம். மேல் சமதளம் உள்தரையை விட அரை அங்குலம் தாழ்வாக இருக்கட்டும், வாசல்படி விளிம்பைச் சாய்வாகச் செதுக்குங்கள். அரை அங்குலத்துக்கு மேல் போனால் முன்சக்கரம் தடுக்கும். தண்ணி ஓட, தளத்துக்கு வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். அதற்கு மேல் வேண்டாம், நாற்காலி பக்கவாட்டில் இழுக்கும். வெளி விளிம்புக்கட்டில் 4 அடிக்கு ஒரு துவாரம் விட மறந்தால் ராம்பே தொட்டியாகிவிடும்.

வெல்டிங்_தெமட்டகொட:
கைப்பிடிக்கு 1¼ அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். வெளிவிட்டம் 42 மி.மீ, கைக்கு நன்றாகப் பிடிபடும். உயரம் 34 முதல் 38 அங்குலத்துக்குள், ராம்பின் தளத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒரு அடி சமமாக நீண்டு, பிறகு கீழே வளைய வேண்டும். சுவர்ப்பக்கம் விரல் போக 1½ அங்குலம் விடுங்கள். கடலுக்குக் கிட்ட வீடு என்பதால் சாதாரண இரும்புக்குப் பெயின்ற் அடித்துச் சமாளிக்க முடியாது. ஜிஐயிலும் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும், அதைச் சுரண்டி துத்தநாகப் பெயின்ற் அடித்த பிறகே மேல் பெயின்ற். ஸ்டெயின்லெஸ் என்றால் 304 தரம் அங்கே துருப்புள்ளி விழும், 316 தரம் கேளுங்கள்.

வெள்ளவத்தை24:
ஒரு பக்கக் கைப்பிடி போதாதா? காசு பார்க்கிறோம்.

தெஹிவளை_பிசியோ:
போதாது தங்கச்சி. அம்மாவுக்குப் பலமுள்ள கை வலது. போகும்போது வலப்பக்கம் இருக்கும் கைப்பிடி, வரும்போது இடப்பக்கம் ஆகிவிடும். பிறகு எழுந்து நடக்கப் பழக்கும்போதும் அதுதான் துணை. காசு குறைக்க வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸை விடுங்கள், கைப்பிடியை விடாதீர்கள்.

புதுசு கட்டி முடியும் வரை இந்த 1:5 ராம்பில் அம்மாவின் முகம் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இறக்கவே கூடாது, ஆள் முன்னால் சரிந்து விழுவார். நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி மெதுவாக இறக்குங்கள். இன்னொருவர் முன்னால் சட்டத்தைப் பிடிக்க வேண்டும், கால்மிதியைப் பிடித்தால் அது கழன்றுவரும். இடுப்புப் பட்டி கட்டாயம். மழை என்றால் இறக்கவே வேண்டாம்.

வெள்ளவத்தை24:
மடிக்கிற அலுமினிய ராம்ப் வாங்கினால் இந்தக் கட்டிட வேலை மிச்சமா?

சிவில்காரன்:
6, 7 அடியில் விற்பது உங்கள் வாசலில் அதே 1:5 தான். ஒரு படிக்கு நல்லது, 17 அங்குலத்துக்கு இல்லை. இலங்கையில் 2006 இல் வந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்காக எழுதியவை, வீட்டை யாரும் வந்து அளக்கப் போவதில்லை. அதனால்தான் மேசன்மார் இடத்துக்கேற்ற நீளத்தில் போட்டுவிடுகிறார்கள்.

பழைய ராம்பை உடைக்கத்தான் வேண்டும். உடைத்த கொங்கிறீற்றை வெளியே ஏற்ற வேண்டாம், சின்னதாக உடைத்து மேல் சமதளத்துக்கு அடியில் போட்டு இடிக்கலாம். அதற்கு முன் முற்றத்தில் சுண்ணாம்பால் முழு அளவுக்கும் கோடு போட்டு, அம்மாவின் நாற்காலியையே அந்தத் திருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள். வாசல் கதவையும் 90 பாகை திறந்து நிலைக்கும் பலகைக்கும் இடையில் அளந்து போடுங்கள். 32 அங்குலத்துக்குக் குறைந்தால் அது தனி வேலை.

வெள்ளவத்தை24:
கதவு 31 தான் வருது. நாற்காலி வெளியளவு 25.

தெஹிவளை_பிசியோ:
25 என்றால் போகும், ஆனால் சக்கரத்தை அம்மாவே தள்ளினால் முழங்கை நிலையில் உரசும். கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்க மாற்றாதீர்கள், அந்த 5 அடி சமதளத்தையே அது தின்றுவிடும். நிலையை விட்டு விலகித் திறக்கும் பிணைச்சல் மாட்டினால் பலகைத் தடிப்பு மிச்சமாகும், 32 தாண்டும்.