மக நட்சத்திரப் பெண் குழந்தைக்கு கிரேக்கப் புராணப் பெயர்: மையாவா, மெரோப்பியா?

மயிலாடுதுறை பக்கம், அடுத்த வாரம் புண்ணியாகவாசனம். மகம் என்பதால் ம, மி, மு, மெ எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும். அதற்குள் கிரேக்கப் புராணத்தில் அபூர்வமான பெயர் வேண்டும்.

மீடியா கதையிலேயே அடிபட்டுவிட்டாள்: பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள். நெமோசினி ஞாபகசக்தியின் தேவதை, ஒன்பது கலைத்தேவியரின் தாய். மூலத்தில் மகர ஒலியில் தொடங்கினாலும் தமிழில் எழுதினால் 'நெ' ஆகிவிடுகிறது. மெலிசாவை ஊரே 'மெலிசு' என்று கூப்பிடும்.

மிஞ்சியது இரண்டு. மையா, அட்லஸின் ஏழு பெண்களில் மூத்தவள், ஹெர்மஸின் தாய். அந்த எழுவரும்தான் வானில் நம் கார்த்திகைக் கூட்டம். முருகனை வளர்த்தவர்கள் என்று சொன்னால் பாட்டிகள் பாதி சம்மதித்துவிடுவார்கள். தங்கை மெரோப்பி மனிதனான சிசிஃபஸை மணந்ததால் மங்கலாகிப்போனாள் என்பார்கள். மங்கல் என்ற பேச்சு தொட்டில் வீட்டில் எடுபடுமா?

சிக்கல் எழுத்தில். கிரேக்க உச்சரிப்பு 'மையா'வுக்கு நெருக்கம். ஆங்கிலத்தில் எம்-ஏ-ஐ-ஏ, பதிவு செய்பவர் பழக்கத்தில் நடுவில் ஒய் போட்டு 'மாயா' ஆக்கிவிடுவார். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் பாஸ்போர்ட்டில் மாட்டும். பிறப்பைப் பதிந்து 12 மாதம் வரை பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அவசரமில்லை.

தமிழில் மையாவா மாயாவா? 'மெ'யில் வேறு பெயர் உண்டா? இனிஷியலோடு சொல்லிப் பார்த்துச் சொல்லுங்க.