குடும்பக் குழுவில் ஓர் அரங்கத்தின் கதை

பெரியப்பா: அகிலா, அமெரிக்காவின் ஆன் ஆர்பரிலிருந்து நீ அனுப்பிய மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தின் படத்தைப் பார்த்தேன். அரங்கத்தின் ஒரு முனை தரைமட்டத்துக்குச் சற்று மேலேதான் தெரிகிறது. ஒரு லட்சம் பேர் எங்கே அமர்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அகிலா: அரங்கத்தின் முக்கால் பங்கு தரைக்குக் கீழே இருக்கிறது, பெரியப்பா. வாயிலைக் கடந்ததும் படியேற வேண்டியதில்லை. மேல்வரிசைகளை ஒட்டி நின்றுகொண்டு கீழே கிடக்கும் ஆடுகளத்தை எட்டிப் பார்க்கிறோம். இருக்கைகள் எல்லாம் எண்ணிட்ட நீண்ட பெஞ்சுகள். குளிர்காலத்தில் ஒவ்வொருவரும் தடித்த மேலங்கியோடு வருவதால், ஓர் எண்ணுக்குரிய இடத்தில் ஒருவர் முழுதாக அடங்குவதே பெரும்பாடு.

பெரியப்பா: தரைக்குக் கீழே என்றால் நிலத்தடி நீர் தொல்லை கொடுத்திருக்குமே?

அகிலா: கொடுத்திருக்கிறது. அந்த இடத்தில் ஊற்று இருந்ததால் தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்ததாம். ஒரு கிரேன் சேற்றில் புதைந்து இன்றும் அடியில் கிடக்கிறது என்று ஊரார் சொல்லும் கதையும் உண்டு.

கார்த்திக்: அந்தக் கதையை நம்புகிறாயா, அக்கா?

அகிலா: கதை என்றுதான் சொன்னேன், கார்த்திக். ஆனால் பணம் திரட்டிய விதம் கதையன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்து விளையாட்டுத் துறை இயக்குநரான ஃபீல்டிங் யோஸ்ட், தலா 500 டாலர் மதிப்பில் 3,000 கடன் பத்திரங்களை 3 சதவீத வட்டிக்கு விற்றார். பத்திரம் வாங்கியவர்களுக்கு நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமையும் பத்து ஆண்டுகளுக்குக் கிடைத்தது. இது யாருடைய மைதானம் என்ற சர்ச்சை பின்னாளில் எழும்போதெல்லாம் ரசிகர்கள் தங்களுடையது என்று பேசுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சித்தப்பா: முதல் நாளே நிரம்பிவிட்டதா?

அகிலா: இல்லை, சித்தப்பா. 1927 அக்டோபர் 1 அன்று ஓஹையோ வெஸ்லியன் அணியை 33-0 என வென்ற முதல் ஆட்டத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலியாகவே இருந்தன. மூன்று வாரம் கழித்து, பரம வைரியான ஓஹையோ ஸ்டேட் வந்த திறப்பு விழா ஆட்டத்துக்கோ 84,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். 21-0 என்று மிச்சிகன் வென்றது. நிரந்தர இருக்கைகள் 72,000தான். மற்றவை தற்காலிக மரப்பலகைகள். யோஸ்ட் கேட்டது அதைவிடப் பெரிய அரங்கம். அனுமதி கிடைக்காததால், பிற்காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டி விரிவாக்கும் அளவுக்கு அஸ்திவாரத்தை மட்டும் போட்டு வைத்தார்.

பெரியப்பா: நாற்பது ஆண்டு பொதுப்பணித் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுமதித்த அளவுக்குக் கட்டிவிட்டு, நாளை ஏறப்போகும் பாரத்துக்கு இன்றே இடம் விட்டவர் கெட்டிக்காரர்.

அகிலா: ஆமாம். 1956இல் கொள்ளளவு 1,01,001 ஆனது. அந்தக் கடைசி ஒன்று, இயக்குநராக இருந்த ஃப்ரிட்ஸ் கிரைஸ்லரைக் கௌரவிக்கச் சேர்த்த ஓர் இருக்கை. அது எங்கே இருக்கிறது என்பதை வெளியிட்டதில்லை. இப்போதைய கொள்ளளவான 1,07,601இலும் அந்த ஒன்று நிற்கிறது.

அத்தை: இடம் பெருகினால் கூட்டமும் தானாகவே வந்துவிடுமா, அம்மா?

அகிலா: வரவில்லை, அத்தை. 1968இல் இயக்குநரான டான் கேனம் வீடு வீடாக விளம்பர அஞ்சல் அனுப்பிக் குடும்பங்களை அழைத்தார். மறு ஆண்டு பயிற்சியாளராக வந்த போ ஷெம்பெக்லர், யாராலும் வெல்ல முடியாது என்று கருதப்பட்ட ஓஹையோ ஸ்டேட்டை 24-12 என்று வீழ்த்தினார். 1975 நவம்பர் 8க்குப் பிறகு, பெருந்தொற்றால் கதவடைத்த 2020 நீங்கலாக, இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். 2013இல் நோட்ர டேம் அணியுடன் மோதிய இரவில் 1,15,109 பேர்.

சித்தப்பா: சர்ச்சை என்றாயே, அது என்ன?

அகிலா: 1998இல் அரங்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள். எளிமையான அரங்கத்தைச் சர்க்கஸ் கூடாரமாக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்ததில் இரண்டே ஆண்டில் கழற்றிவிட்டார்கள். ஆனால் 22.6 கோடி டாலர் செலவில் 2010இல் முடிந்த சொகுசு அறைகளை அவர்களால் தடுக்க முடியவில்லை. எல்லோரும் ஒரே பெஞ்சில் அமர்ந்த இடத்தில் பணக்காரர்களுக்குத் தனி மாடமா என்ற அவர்களின் கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது. அதே வேளையில், சக்கர நாற்காலியில் வருவோருக்குப் போதிய இடமில்லை என்று ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் அமைப்பு நீதிமன்றம் போன பிறகே, 2008 உடன்பாட்டின்படி அத்தகைய இடங்கள் முன்னூறைத் தாண்டின. அதற்காக ரசிகர் கூட்டம் தெருவில் இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கார்த்திக்: தோற்கும் அணிக்கும் இப்படிக் கூட்டம் வருமா?

அகிலா: 2007இல் கீழ்ப்பிரிவிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் இங்கேயே 34-32 என்று வென்றது, மிச்சிகனின் கடைசி உதையைக் குறுக்கே பாய்ந்து தடுத்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை ஆரிகனிடம் 39-7 என்று இன்னும் மோசமாகத் தோற்றார்கள். அன்றைக்கும் ஒரு லட்சத்துக்கு மேல்தான்.

கார்த்திக்: முன்கூட்டியே டிக்கெட்டுக்குப் பணம் கட்டியிருப்பார்கள், வேறு வழியில்லாமல் வந்திருப்பார்கள்.

பெரியப்பா: 1927இல் பத்திரம் வாங்கியவர்களும் அப்படித்தான் வந்திருப்பார்கள், தம்பி.